தொழில்துறை, உற்பத்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டம்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையின் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் நான்காண்டுகள் வேலை பார்த்துவிட்டு எம்.டெக். படிக்கச் சென்றவன் நான். படிப்பை முடித்துத் தொழிற்சாலை வேலைக்கே திரும்பிய பிறகு, ஓசூர், பொம்மசந்திரா பக்கம் வேலை பார்க்கும் இளைஞர்களும், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்திலிருந்து பெங்களூருக்குப் படிக்க வருபவர்களும், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு நீண்ட விடை தேவைப்பட்டது. சிலவற்றுக்கு நான்கு வரிகள் போதுமானதாக இருந்தன.

மெக்கானிக்கல் படித்தவர் இதைத் தனியாக ஏன் படிக்க வேண்டும்? இந்தத் துறை எதைப் பற்றியது?

ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். நூறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் அலுமினிய உறை ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உறை எல்லா இயந்திரங்களிலும் சேர்த்து வெட்டப்படும் நேரம் 40 நிமிடம். ஆனால் மூலப்பொருள் வாசலுக்குள் நுழைந்த நாளுக்கும் முடிந்த உறை லாரியில் ஏறும் நாளுக்கும் இடையே 12 நாள் கழிகிறது. வாடிக்கையாளர் தொலைபேசியில் சத்தம் போடுகிறார். மேற்பார்வையாளர் ஆபரேட்டரை விரட்டுகிறார். முதலாளி இன்னொரு சி.என்.சி. இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார். 40 நிமிட வேலைக்கு 12 நாள் ஏன் என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. தொழில்துறைப் பொறியியல் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

இதற்கு விடை தேடும் கருவிகளில் மிக எளிமையானது லிட்டில் விதி. ஜான் லிட்டில் 1961-இல் இதற்கு முறையான நிரூபணம் தந்தார். ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, ஒரு நாளில் வெளியேறும் எண்ணிக்கையையும் ஒரு பொருள் உள்ளே தங்கும் நாள்களையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். நம் பட்டறையில் தரையிலும் தட்டுகளிலும் தள்ளுவண்டிகளிலும் எந்நேரமும் 600 உறைகள் கிடக்கின்றன. நாளொன்றுக்கு 50 வெளியே போகின்றன. ஆகவே 600-ஐ 50-ஆல் வகுத்தால் வரும் 12 நாள் யாருடைய சோம்பலாலும் விளைந்ததில்லை. ஆபரேட்டரை எவ்வளவு விரட்டினாலும், தரையில் கிடக்கும் 600 குறையாமலோ வெளியேறும் 50 கூடாமலோ அந்த 12 மாறாது.

அடுத்த படியாக, காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு வருகிறது. வேலைகள் ஒழுங்கின்றி வந்து சேரும், ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரமும் ஒழுங்கின்றி மாறும் ஓர் ஒற்றை இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூலின் முதல் மாதிரிப்படி, அந்த இயந்திரம் 80 விழுக்காடு நேரம் ஓடினால் அதனிடம் சராசரியாக 4 வேலைகள் இருக்கும். 90 விழுக்காடானால் 9. 95 விழுக்காடானால் 19. இயந்திரம் ஒரு நிமிடமும் சும்மா நிற்கக் கூடாது என்று எல்லா முதலாளிகளும் விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தின் விலை எத்தனை நாள் தாமதம் என்பதைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டக் கற்பதற்காகவே நான் இரண்டாண்டு படித்தேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

மெக்கானிக்கல் பட்டப்படிப்பில் இந்தப் பாடங்கள் ஓரிரு தாள்களோடு முடிந்துவிடுகின்றன. நிகழ்தகவு, புள்ளியியல், உகந்த தீர்வு காணும் கணிதம், கணினியில் மாதிரி அமைத்து ஓட்டிப் பார்க்கும் உருவகச் சோதனை ஆகியவற்றை ஆழமாகக் கற்க முதுநிலைப் படிப்பே இடம் தருகிறது.

தொழில்துறைப் பொறியியலும் உற்பத்திப் பொறியியலும் ஒன்றா?

இரண்டும் ஒட்டிப் பிறந்தவை, ஆனால் ஒன்றல்ல. உலோகம் எப்படி வெட்டுப்படுகிறது, கருவி ஏன் தேய்கிறது, பற்றவைப்பில் ஏன் விரிசல் விழுகிறது, அடுக்கடுக்காக அச்சிட்டு உருவாக்கும் பாகத்தின் வலிமை எதைப் பொறுத்தது என்பன போன்ற கேள்விகள் உற்பத்திப் பொறியியலைச் சேர்ந்தவை. அங்கே பொருளறிவியலும் எந்திரவியலும் அடித்தளம். எந்த வேலையை எந்த இயந்திரத்துக்கு எப்போது கொடுப்பது, எவ்வளவு இருப்பு வைப்பது, தரம் வழுவுகிறதா என்பதை எத்தனை மாதிரிகள் கொண்டு அறிவது, மனிதர் களைப்படையாமல் வேலை செய்ய மேசையின் உயரம் என்னவாக இருக்க வேண்டும் என்பன தொழில்துறைப் பொறியியலைச் சேர்ந்தவை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் இத்துறைக்கான பட்டப்படிப்பை 1908-இலேயே தொடங்கியது. அங்குள்ள துறை இன்று இரு பெயர்களையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனிப் பட்டங்களாகப் பிரித்து வைத்திருப்பதால், விண்ணப்பிக்கும்போதே எந்தப் பக்கம் என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். பட்டத்தின் பெயரை நம்ப வேண்டாம். முதல் இரண்டு பருவங்களின் பாடப்பட்டியலை எடுத்துப் படியுங்கள். ஒரே பெயரில் இரு கல்லூரிகளில் நடக்கும் படிப்புகள் முற்றிலும் வேறாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எம்.பி.ஏ. படித்தால் போதாதா?

நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு திட்டத்தை விளக்கி, பணம் திரட்டி, ஆட்களை ஒருங்கிணைத்து நடத்துவது உங்கள் விருப்பம் என்றால் எம்.பி.ஏ. பொருத்தமானது. அந்தத் திட்டம் வேலை செய்யுமா என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது உங்கள் விருப்பம் என்றால் எம்.டெக். பொருத்தமானது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் படிப்புகளும் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு 1963-இல் மும்பை பவாயில் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்துறைப் பொறியியல் பயிற்சி நிறுவனம், அதாவது நிட்டி, பல பத்தாண்டுகளாக இந்த நடுவழியில் பொறியாளர்களை உருவாக்கியது; 2023-இல் அது ஐ.ஐ.எம். மும்பை ஆனது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் மேலாண்மைத் துறை பொறியியல் பட்டதாரிகளுக்கென இரண்டாண்டு மேலாண்மை முதுநிலைப் பட்டம் தருகிறது. அதில் கணிதமும் அளவறி முறைகளும் சாதாரண எம்.பி.ஏ.வை விடக் கூடுதல்.

என் கருத்தைக் கேட்டால், வேலைக்குச் சேர்ந்து மூன்றாண்டு ஆகாதவர் எம்.டெக். பக்கம் போவது நல்லது. கணிதத்தைப் பின்னால் தள்ளிவைத்தால் அது கைக்கு வருவது மிகக் கடினம்.

பெங்களூரில் எங்கே படிக்கலாம்?

நம் பெரியவர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தை முதலில் சொல்ல வேண்டும். அங்குள்ள வடிவமைப்பு, உற்பத்தித் துறை ஸ்மார்ட் மேனுஃபாக்சரிங் என்ற பெயரில் எம்.டெக். நடத்துகிறது, உணர்கருவிகள், தரவு, தானியங்கி அமைப்புகள் ஆகியவற்றை உற்பத்தியோடு இணைக்கும் படிப்பு அது. ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவர்கள் மேலாண்மைத் துறை, எந்திரப் பொறியியல் துறை ஆகியவற்றின் ஆய்வுப் பட்டங்களையும் பார்க்கலாம்.

மைசூர் சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையம் இருக்கிறது. தரக் கட்டுப்பாட்டுக் கல்வியில் அந்த நிறுவனத்துக்கு நீண்ட மரபு உண்டு. உற்பத்தியில் தரம் வழுவுகிறதா என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் முதன்முதலாக வரைந்த வால்டர் ஷூவர்ட், அந்நிறுவனத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸின் அழைப்பின் பேரில் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியா வந்து பயணம் செய்தார். தரம், நம்பகத்தன்மை, சிறந்த முடிவைக் கணிதத்தால் தேடும் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் ஆகிய மூன்றையும் இணைத்து அந்நிறுவனம் நடத்தும் எம்.டெக். கொல்கத்தாவில் நடைபெறுகிறது. புள்ளியியல் பிடித்தவர்கள் வீட்டுக்கு அருகில்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆர்.வி., பி.எம்.எஸ்., ராமையா ஆகிய கல்லூரிகளில் தொழில்துறைப் பொறியியல், மேலாண்மைத் துறைகள் இருக்கின்றன. இத்தகைய கல்லூரிகளின் எம்.டெக். இடங்களுக்குக் கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் பி.ஜி. சி.இ.டி. வழியாகவும் சேரலாம். எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்தந்த ஆண்டின் இடப் பட்டியலைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பட்டம் தருவது மட்டுமே நிறுவனத்தின் பயன் என்று எண்ண வேண்டாம். தும்கூர் சாலையில் 1962 முதல் இயங்கும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம், சி.எம்.டி.ஐ., இயந்திரக் கருவிகளிலும் அளவியலிலும் ஆராய்ச்சி செய்கிறது. பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. 1953-இல் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. தொடங்கிய பிறகே இந்த நகரத்தில் இயந்திரக் கருவித் தொழில் வேர்விட்டது. அதன் கிளைகளாகவே பீனியாவின் எத்தனையோ பட்டறைகள் முளைத்தன. அறிவியல் கழகத்திலிருந்து யஷ்வந்தபுரம் தாண்டினால் பீனியா வந்துவிடுகிறது. வகுப்பறையும் தொழிற்கூடமும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர் நம் நாட்டில் அதிகமில்லை. படிக்கிற இரண்டாண்டில் அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்காத மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பெங்களூருக்கு வெளியே?

காரக்பூர் ஐ.ஐ.டி.யின் தொழில்துறை, அமைப்புப் பொறியியல் துறையும், மும்பை ஐ.ஐ.டி.யில் தொழில்துறைப் பொறியியலையும் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்சையும் சேர்த்துக் கற்பிக்கும் ஐ.இ.ஓ.ஆர். படிப்பும் இத்துறையில் முன்னணியில் உள்ளவை. தமிழ்நாட்டில் கிண்டிப் பொறியியல் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.இ., எம்.டெக். இடங்களுக்கு 2023 முதல் சீட்டா பி.ஜி. என்ற தனித் தேர்வு நடக்கிறது. அதற்கு முன் டான்செட் இருந்தது. ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு பெங்களூரில் வேலை பார்க்கும் பலருக்கு இந்த மாற்றம் இன்னும் தெரிந்திருக்கவில்லை.

கேட் தேர்வில் எந்தத் தாளை எழுதுவது?

எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வான கேட்டில், இத்துறைக்கென்றே பி.ஐ. (புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல்) என்ற தாள் இருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவர்கள் அத்துறைக்கான எம்.இ. என்ற தாளை எழுதுவதும் வழக்கம். எந்தத் தாளும் மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். பி.ஐ. தாளில் பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, மீதி 72 துறைப் பாடத்துக்கு. மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஆகவே வேலையில் சேர்ந்த முதலாண்டிலேயே எழுதி வைத்துவிட்டு, பிறகு நிதானமாக முடிவெடுக்கலாம். பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம்.

பி.ஐ. தாளை எழுதுவோர் குறைவு. எனவே எளிதில் இடம் கிடைக்கும் என்று பயிற்சி மையங்களில் சொல்கிறார்கள். அந்தத் தாளை ஏற்கும் படிப்புகளும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மையாகும். நீங்கள் விரும்பும் ஐந்து படிப்புகளைப் பட்டியலிட்டு, அவை எந்தத் தாள்களை ஏற்கின்றன என்று அவற்றின் சேர்க்கைக் கையேட்டில் பார்த்து, பிறகு தாளைத் தேர்ந்தெடுங்கள். சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.களுக்கு கோவாப், என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற இணையவழிகள் இருக்கின்றன. கோவாப் வெறும் இடம் ஒதுக்கும் வழி மட்டுமே, ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். இதை அறியாமல் ஓராண்டை இழந்த தம்பி ஒருவரை எனக்குத் தெரியும்.

செலவு எவ்வளவு ஆகும்? வீட்டில் பணம் கேட்க முடியாத நிலை.

கேட் தகுதியோடு முழுநேர எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, இரண்டாண்டுக்குக் கிடைக்கிறது. அதற்கு ஈடாக வாரத்தில் எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ விடைத்தாள் திருத்துவதிலோ துறைக்கு உதவ வேண்டும். விடுதியில் தங்கினால் அந்தத் தொகையில் சிக்கனமாக வாழ்ந்துவிடலாம். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. தங்கை திருமணமோ அப்பாவின் மருத்துவச் செலவோ தோளில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். படிப்பின் நடுவில் அந்தப் பேச்சு வந்தால் தாங்குவது கடினம். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும்.

வேலையை விடாமல் படிக்க வழி உண்டா?

உண்டு. உங்கள் நிறுவனமே உங்களை அனுப்பிச் சம்பளமும் தரும் ஏற்பாடு முதல் வழி, ஐ.ஐ.டி.களிலும் அறிவியல் கழகத்திலும் அதற்கான சேர்க்கை விதிகள் உள்ளன. பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள் மனிதவளப் பிரிவில் கூச்சமின்றிக் கேளுங்கள். படித்து முடித்த பின் எத்தனை ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் இரண்டு முறை வாசியுங்கள். இரண்டாவது வழி, பணியில் இருப்போருக்கென நடத்தப்படும் இணையவழிப் படிப்புகள். பிலானி பிட்ஸ் நிறுவனம் உற்பத்தி மேலாண்மையில் அப்படியொரு எம்.டெக். நடத்துகிறது, அறிவியல் கழகமும் சில பிரிவுகளில் இணையவழி எம்.டெக். தொடங்கியிருக்கிறது. ஷிப்ட் மாறி மாறி வரும் வேலையில் இருப்பவருக்கு இது மிகக் கடினம். பொது ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் மட்டும் தொடங்குங்கள்.

கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

அணிக்கோவை, நிகழ்தகவு, வகைநுண்கணிதம் ஆகிய மூன்றும் கைக்குள் இருக்க வேண்டும். மற்றவற்றை அங்கே கற்பிப்பார்கள். கட்டுப்பாடுகளுக்குள் அதிக இலாபம் தரும் தீர்வைத் தேட 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை முதல் பருவத்திலேயே வந்துவிடும். அதைக் கணினி போட்டுவிடுமே என்று தாண்டிப் போகாமல், இரண்டு மாறிகள் கொண்ட கணக்கை வரைபடத் தாளில் ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் இலாபம் எவ்வளவு கூடும் என்பது, தாளில் அந்தக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் கோடு நகரும்போது கண்ணுக்குத் தெரியும். கூடுதல் ஷிப்ட் போடலாமா, இன்னொரு இயந்திரம் வாங்கலாமா என்ற பட்டறைக் கேள்விக்கான விடை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

சேர்வதற்கு முன் பழகிக்கொள்ள, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. ஸ்ரீனிவாசன் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வழியாக நடத்திய ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கரும்பலகையில் எண்களை ஒவ்வொன்றாக எழுதி, அவசரமே இல்லாமல் விளக்குவார். நான் இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவற்றைப் பார்த்துத்தான் தயாரானேன்.

தமிழ் வழியில் படித்து, டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ. சேர்ந்தவன் நான். என்னால் முடியுமா?

முடியும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. டிப்ளமோ படித்தவருக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும், ஜாபைச் செட்டிங் செய்யத் தெரியும், இயந்திரத்தின் சத்தம் மாறினால் காது அறியும். நேரடியாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்களில் பலருக்கு அந்தப் பழக்கம் முதுநிலையிலும் வருவதில்லை. உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது இரண்டு. ஒன்று முதல் பருவக் கணிதம். இன்னொன்று ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுதுவது. முதலாவதற்கு ஆறு மாத முன்பயிற்சி வேண்டும். இரண்டாவதற்கு, வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து அதன் சாரத்தை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் எழுதும் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. தமிழில் தெளிவாக எழுத வராதது எனக்கு ஆங்கிலத்திலும் வரவில்லை; காரணம் மொழியாக இருக்கவில்லை, பொருள் விளங்காமையாக இருந்தது.

கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். பீனியாவின் ஆபரேட்டர்களில் தமிழரும் உண்டு, வட கர்நாடகத்தவரும் உண்டு, இன்று ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆபரேட்டரோடு பேச முடியாத தொழில்துறைப் பொறியாளரால் பாதி உண்மையைத்தான் சேகரிக்க முடியும்.

ஆயத்த ஆடை நிறுவனங்களிலும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) என்ற பிரிவு இருக்கிறதே, அதுவும் இதுதானா?

அதுவும் இதுவேதான். மைசூர் சாலை, பொம்மனஹள்ளி, பீனியா பகுதிகளின் ஆடைத் தொழிற்சாலைகளில் இந்தத் துறை மிக வெளிப்படையாக நடைமுறையில் இருக்கிறது. ஒரு சட்டையைத் தைக்க ஆகும் மொத்த நேரத்தை நிமிடக் கணக்கில் நிர்ணயிப்பார்கள். அதற்கு சாம் என்று பெயர். சாம் 20 நிமிடம், வரிசையில் 40 பேர், ஷிப்ட் 480 நிமிடம் என்றால், கணக்குப்படி 960 சட்டைகள் வர வேண்டும். வரிசையின் திறன் 60 விழுக்காடாக இருந்தால் 576 வரும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 384 சட்டைகள் எங்கே போயின என்பதைக் கண்டறிவதே ஐ.இ. பிரிவின் அன்றாட வேலை. காலர் பகுதியில் வேலை குவிந்து, கஃப் பகுதியில் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால், தவறு வரிசையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் மனத்தில் உள்ளதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நிறுத்தற் கடிகாரத்தோடு ஒருவர் பின்னால் வந்து நின்றால் அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது, ஏனெனில் அளந்த நேரம் பல இடங்களில் இலக்கை உயர்த்தவே பயன்பட்டிருக்கிறது. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான லில்லியன் கில்பிரத், கணவர் ஃபிராங்கோடு சேர்ந்து கை அசைவுகளை நுணுகி ஆராய்ந்தபோது, வேலை செய்பவரின் களைப்பைக் குறைப்பதை அந்த ஆய்வின் நோக்கங்களுள் முதன்மையானதாகக் கொண்டார். நேர ஆய்வுக்குப் போகும் மாணவர் முதலில் அந்த அம்மாவிடம் எதற்காக அளக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், அளந்து முடித்த பின் தாளை அவரிடமே காட்ட வேண்டும். இதை எந்தப் பாடத்திட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. நீங்களே உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பையும் வழிகாட்டியையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் படிப்பின் இரண்டாம் ஆண்டு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் வழிகாட்டியின் புகழைப் பார்த்துச் சேர்ந்து, அவர் தரும் தலைப்பை ஏற்று, ஏற்கெனவே வெளியான தரவுகளின் மீது ஒரு புதிய கணினி வழிமுறையை ஓட்டிக் காட்டிப் பட்டம் பெறுகிறார்கள். அதில் தவறில்லை, ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் தொழிற்சாலைக்குத் திரும்பப் போகிறவர், தாம் கண்ணால் கண்ட ஒரு சிக்கலைக் கையோடு கொண்டுபோய் வழிகாட்டியின் முன் வைக்க வேண்டும்.

நான் கொண்டுபோனது செட்டிங் நேரம் பற்றிய சிக்கல். ஒரு ஜாபிலிருந்து இன்னொரு ஜாபுக்கு, பாகத்தை இயந்திரத்தில் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்ச்சரை மாற்ற 90 நிமிடம் ஆகும் என்பதால், ஒருமுறை மாற்றினால் 30 உருப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்பது பட்டறையின் விதி. உருப்படிக்கு மூன்று நிமிடம் செட்டிங் செலவு என்று கணக்கு. ஜப்பானில் ஷிகெயோ ஷிங்கோ வகுத்த முறைப்படி, இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய ஆயத்தங்களைப் பிரித்தெடுத்து, போல்ட்டுகளுக்குப் பதில் கிளாம்புகள் வைத்து, 90 நிமிடத்தை 30 ஆக்கினால், 10 உருப்படிகளை மட்டும் ஓட்டினாலும் அதே மூன்று நிமிடச் செலவுதான். தொகுதி 30-லிருந்து 10 ஆகும்போது தரையில் காத்துக் கிடக்கும் உருப்படிகள் குறைகின்றன. அவை குறைந்தால் லிட்டில் விதிப்படி நாள்களும் குறைகின்றன. புதிய இயந்திரம் வாங்கத் தேவையில்லை.

தரவு கிடைப்பதுதான் பெரும் தடை. எனக்குத் தரவு தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு பெரிய நிறுவனம், நான்கு மாதம் அலையவிட்டு, கடைசியில் இரகசியம் என்று சொல்லி மறுத்துவிட்டது. பிறகு பன்னிரண்டு இயந்திரங்கள் கொண்ட ஒரு சிறு பட்டறையின் உரிமையாளர், கோப்புகளை மேசையில் போட்டு, வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவரிடம் கணினிப் பதிவு கிடையாது, கையெழுத்துப் பதிவேடுகள்தான். மூன்று வாரம் உட்கார்ந்து படியெடுத்தேன். பெரிய பெயருக்காகக் காத்திராமல் முதல் மாதத்திலேயே இரண்டு, மூன்று சிறு பட்டறைகளையும் அணுகுங்கள். என்ன தரவு, எவ்வளவு காலத்துக்கு, எதைப் பெயர் மாற்றி வெளியிடுவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வழிகாட்டியின் கையெழுத்தோடு கொடுத்தால் அவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும்?

எக்செல் நன்றாக, பைத்தான் ஓரளவு, ஓர் உருவகச் சோதனை மென்பொருள், புள்ளியியலுக்கு மினிடேப் அல்லது ஆர். இவற்றைப் படிப்பின்போதே கற்றுவிடலாம்; முன்கூட்டியே பணம் கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் படிப்பது நல்லதா?

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக், பர்டூ, மிச்சிகன், முன்பு சொன்ன பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் பெயர்பெற்றவை. அங்கே முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் 30 கிரெடிட் அளவில் ஒன்றரை முதல் இரண்டாண்டில் முடிகிறது. தற்போதைய விதிப்படி, படித்த பின் வேலை செய்ய 12 மாதமும், இத்துறை ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களின் பட்டியலில் இருப்பதால் கூடுதலாக 24 மாதமும் அனுமதி கிடைக்கிறது. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே அந்த மூன்றாண்டு வருமானத்தை நம்பி வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜெர்மனியின் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை அல்லது குறைவு. ஆகன் போன்ற இடங்களில் உற்பத்தித் துறை ஆய்வகங்கள் தொழிற்சாலை போலவே இருக்கின்றன. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு ஆகும் காலத்தைக் கணக்கில் கொண்டு தொடங்குங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், அங்குள்ள பட்டறையில் வேலை வேண்டுமென்றால் ஜெர்மன் மொழி வேண்டும். பீனியாவுக்குக் கன்னடம் எப்படியோ, அப்படித்தான்.

படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

உற்பத்தித் திட்டமிடல், தரம், விநியோகச் சங்கிலி, தொழிற்கூட அமைப்பு வடிவமைப்பு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவை வழக்கமான வாசல்கள். பிடதியின் வாகன ஆலை, ஓசூரின் இருசக்கர, கனரக வாகன ஆலைகள், விமானத் துறைக்குப் பாகம் செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றில் இவர்களுக்கு இடம் உண்டு. இணைய வணிக நிறுவனங்களின் கிடங்குகளும் மருத்துவமனைகளும்கூட இன்று இவர்களைத் தேடுகின்றன. வரிசையில் காத்திருப்பது உறையாக இருந்தாலும் நோயாளியாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். தொடக்கச் சம்பளத்தில் மென்பொருள் நிறுவனத்துக்குப் போன நண்பர்களோடு ஒப்பிட்டால் பல சமயம் குறைவாகவே இருக்கும். அதை முன்கூட்டியே அறிந்து வருவது நல்லது.

விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதத்தில் என்ன செய்யலாம்?

வேலையில் இருப்பவர் என்றால், உங்கள் தொழிற்சாலையில் ஏதேனும் ஓர் உருப்படியைத் தேர்ந்தெடுங்கள். அது உள்ளே வந்த நேரத்திலிருந்து வெளியே போகும் நேரம் வரை எங்கே, எத்தனை மணி நேரம் இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். லேத்தில் 12 நிமிடம், மில்லிங்குக்கு முன் தரையில் இரண்டு நாள், இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஒன்றரை நாள், வெளியே பூச்சுக்குப் போய் வர மூன்று நாள் என்று இப்படியே. பத்து உருப்படிகளுக்கு எழுதினால் ஒரு வடிவம் தென்படும். வேலையில் இல்லாதவர்கள் அருகிலுள்ள ஏதாவது ஒரு பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். உணவகத்தின் சமையலறையோ இரத்தப் பரிசோதனை நிலையமோகூட இதற்குப் போதும். மருத்துவரின் அறை வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் என் தங்கை மகள் அப்படியொரு கணக்கை எழுதினாள்.

நேர்முகத் தேர்வு நடத்தும் துறைகளில், இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது அநேகமாக முதல் கேள்வியாக இருக்கும். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். கேள்வி வந்ததும் அதைத் திறந்து, இரண்டு நாள் தரையில் கிடந்த அந்த உருப்படியைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.